வளர்ந்த சின்ன ரக நாயைத் தத்தெடுக்கலாமா? சென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

போட்டோவில் ஒரு பக் நாய் தலையைச் சாய்த்துப் பார்க்கும். கீழே "வயது 5, நல்ல வீடு தேவை, அவசரம்" என்று இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தப் பக் நாயை நாங்கள் எடுக்கவில்லை. அடுத்துப் பார்த்த லாசா ஆப்ஸோவையும் எடுக்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த ஆறு வயது ஸ்பிட்ஸ்தான் மடிப்பாக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தாள். பெயர் ரோஸி. பழைய வீட்டில் வைத்த பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்பதால் மாற்றவில்லை.

இரண்டு மாதக் குட்டியை வாங்கினால் அது வளர்ந்து எப்படி ஆகும் என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஐந்து வயது நாய் எப்படிப்பட்டது என்பதை நேரில் போய், கேட்டு, பார்த்து, தெரிந்துகொண்டே முடிவெடுக்கலாம். வளர்ந்த நாயை எடுப்பதில் இருக்கும் பெரிய வசதி இதுதான். அதை விட்டுவிட்டு போட்டோவை நம்பி எடுத்தால், ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாய் இன்னொரு வீட்டையும் இழக்கும்.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேளுங்கள். "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். சொந்த ஃபிளாட் என்றாலும் அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நாய் வளர்க்கக் கூடாது என்றோ, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் எதிர் வீட்டுக்காரரோடு தினமும் முகம் பார்த்து வாழப் போவது நீங்கள்தான். சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

அடுத்து, நேரம். சின்ன நாய் என்றால் வாக்கிங் தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் என்று பலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. ஐந்து கிலோ நாயும் வெளியே போய் மோந்து பார்க்க வேண்டும், மற்ற நாய்கள் போன தடத்தைப் படிக்க வேண்டும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நடை. நடுவில் இரண்டு முறையாவது உச்சா போகக் கீழே இறக்க வேண்டும். இதை யார் செய்வது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "எல்லாரும் பாத்துப்போம்" என்றால் கடைசியில் அம்மா தலையில்தான் விழும். இரண்டே பேர் இருக்கும் வீடு, இருவரும் ஓஎம்ஆரில் வேலை, காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவோம் என்றால், பகலில் வந்து பார்க்க ஓர் ஆள் ஏற்பாடு ஆகும்வரை எடுக்காதீர்கள். இதை நான் கறாராகவே சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் மூடிய ஃபிளாட்டில் தனியாக இருக்கும் நாய் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப் போகும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். பெரிய நாய் எதிரே வந்தால் தெரியும். சின்ன நாய் காலடியில் வந்து நிற்பது தெரியாது. என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரோஸி வந்த புதிதில் அடுப்படியில் அவர் திரும்பும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவள் கழுத்தில் ஒரு சின்ன மணியைக் கட்டிய பிறகுதான் நிம்மதி. கைக்குழந்தையோ, நான்கைந்து வயதுக்குள் பிள்ளையோ இருக்கும் வீட்டில் ஆபத்து பெரும்பாலும் நாய்க்குத்தான். சிவாவாவோ மினியேச்சர் பின்ஷரோ குழந்தை கையிலிருந்து தவறி விழுந்தாலே கால் முறியும்.

வருடக் கணக்கும் போடுங்கள். சின்ன ரகங்கள் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுவரை வாழும். ஆறு வயது நாயை எடுத்தால் இன்னும் ஆறு முதல் ஒன்பது வருடம். அதற்குள் உங்கள் வீட்டில் ஒரு கல்யாணமோ, ஒரு பிரசவமோ, ஒரு வெளிநாட்டு வேலையோ வரலாம். "குழந்தை பிறந்துவிட்டது", "துபாய் போகிறோம்", "வீடு மாறுகிறோம்" என்பவைதான் நாயைக் கொண்டு வந்து விடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்கள்.

எந்த ரகம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்

நாங்கள் எடுக்காமல் விட்ட அந்தப் பக் நாயைப் பற்றிச் சொல்கிறேன். பிப்ரவரி மாதம், காலை எட்டு மணி. அதை வைத்திருந்தவர் இரண்டாவது மாடியிலிருந்து நடத்திக் கீழே கூட்டி வந்தார். கேட்டுக்கு வருவதற்குள் அதன் மூச்சு மரம் அறுக்கிற மாதிரி சத்தம் போட்டது. நாக்கு முழுக்க வெளியே தொங்கியது. சிமென்ட் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டியது. என் வீட்டு ஹால் மேற்குப் பார்த்தது. ஏசி ஒரு படுக்கையறையில் மட்டும். மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் இப்படி என்றால் அக்னி நட்சத்திரத்தில் இது என்ன ஆகும் என்று யோசித்தேன். மனசு கனத்துப் போனாலும் வேண்டாம் என்றேன்.

நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் ஆற்றிக்கொள்கிறது. பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான ரகங்களுக்கு அந்தக் காற்று வழியே குறுகல். போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். 2003-இல் பக் நாய் நடித்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்த பிறகு தெருவுக்கு ஒரு பக் வந்தது. அது சென்னை வெயிலுக்குப் பொருந்துமா என்று அப்போது யோசித்தவர்கள் குறைவு. ஏசியும் இன்வர்ட்டரும், பகலில் வீட்டில் ஆளும் இருந்தால் பக் எடுங்கள், அதைப் போல ஒட்டிக்கொள்ளும் நாய் அபூர்வம். இல்லையென்றால் வேண்டாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே குழாய்த் தண்ணீரால் நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மற்ற ரகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷிட்சூ, லாசா ஆப்ஸோ இரண்டுக்கும் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். தினம் சீவாவிட்டால் சடை விழுந்து அடியில் தோல் புண்ணாகும். முடியைக் குட்டையாக வெட்டி வைப்பதுதான் இங்கே சரி. டாக்ஸ்ஹண்டுக்கு முதுகு நீளம், முதுகெலும்புத் தட்டு விலகிப் பின்னங்கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் தினமும் தூக்கித்தான் இறக்க வேண்டும், சோபாவிலிருந்து குதிக்கவும் விடக் கூடாது. நம் ஊரில் பொமேரியன் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளை முடி அடர்த்தியாக இருந்தாலும் இந்த ஊருக்கு ஓரளவு பழகிய ரகம். ஆனால் குரைக்கும். கொரியர், பால், பேப்பர், காக்கா, எல்லாவற்றுக்கும் குரைக்கும். சுவர் மெல்லிசான ஃபிளாட் என்றால் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கேட்பது

வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸ் 1959-இல் தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட ரக நாய்களும் அங்கே வந்து சேர்கின்றன. அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் இருக்கும் பெசன்ட் நினைவு விலங்குகள் மருந்தகத்திலும் கேட்கலாம். இவை தவிர, மீட்ட நாயைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் ஃபாஸ்டர் குடும்பங்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். என் கணிப்பில் முதல்முறை எடுப்பவர்களுக்கு ஃபாஸ்டர் வீடுதான் நல்லது. மிக்சி ஓடும்போதும் காலிங் பெல் அடிக்கும்போதும் நாய் என்ன செய்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். காப்பகக் கூண்டில் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் நாயின் குணம் வேறு, வீட்டில் வேறு.

இரண்டு இடத்தில் உஷாராக இருங்கள். "நாய் வெளியூரில் இருக்கிறது, இலவசம்தான், வண்டிச் செலவுக்கு மட்டும் ஜிபே பண்ணுங்கள்" என்று கேட்டால் அது ஏமாற்று வேலை. நேரில் பார்க்காத நாய்க்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அடுத்தது, ஐந்தாறு வயதுப் பெண் நாயை ஒருவர் அவசரமாகத் தள்ளிவிடப் பார்த்தால், அது குட்டி போட வைத்தே ஓய்ந்துபோன நாயாக இருக்கலாம். காம்பு தொங்கி, பல் ஆட்டம் கண்டு, வெளிச்சத்தைப் பார்த்தாலே மிரளும். ரோஸி அப்படி வந்தவள்தான். எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்து எடுங்கள் என்கிறேன்.

பழைய சொந்தக்காரரே கொடுக்கிறார் என்றால், மனப்பூர்வமாக ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் ஊசி அட்டையும் கட்டாயம் வாங்குங்கள்.

போய்ப் பார்க்கும்போது

இரண்டு முறை போங்கள், வேறு வேறு நேரத்தில். ஒரு முறை வீட்டுக்குள், ஒரு முறை தெருவில் நடக்கும்போது.

உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், தூக்காதீர்கள். நீங்கள் ஃபாஸ்டர் வீட்டுக்காரரோடு காபி குடித்துப் பேசிக்கொண்டிருங்கள், நாய் உங்களைப் படிக்கட்டும். ரோஸி முதல் அரை மணி நேரம் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் காட்டினாள். பிறகு சுவரோரமாகவே நடந்து வந்து, நான் வாசலில் கழற்றி விட்ட செருப்பை நிதானமாக மோந்தாள். அப்புறம் என் பின்பக்கமாக வந்து முதுகில் ஒரு நொடி மூக்கை வைத்துவிட்டுத் திரும்பக் கட்டிலடிக்குப் போய்விட்டாள். பயம் இருக்கிறது, ஆனாலும் தானாக வந்து பார்க்கிறது. இப்படிப்பட்ட நாய் காலப்போக்கில் தேறிவிடும். மூலையில் விறைத்து நின்று, கண் வெள்ளை தெரியப் பார்த்து, உதட்டைத் தூக்கும் நாய்க்குப் பழக்கமான கை வேண்டும். முதல்முறைக்காரர்களுக்கு அது கஷ்டம்.

கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். யாரையாவது கடித்திருக்கிறதா, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது? எங்கே தூங்கும்? தனியாக விட்டால் என்ன செய்யும்? குளிப்பாட்டும்போது, நகம் வெட்டும்போது எப்படி? பட்டாசுச் சத்தத்துக்கு எப்படி? மற்ற நாய்களைக் கண்டால்? பதில்கள் எல்லாமே "ரொம்ப நல்ல நாய் சார்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்து வயது நாய்க்கு ஒரு குறையாவது இருக்கும்; அதைச் சொல்கிறவர் நம்பத்தக்கவர்.

காது, பாதம், வாய் இவற்றைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடுவது அதற்குப் பழக்கமானவராக இருக்கட்டும், நீங்கள் பார்த்தால் போதும். சாப்பிடும் நாயின் தட்டில் கை வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நாங்கள் பார்த்த லாசா, தட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடந்தாலே உடம்பு விறைத்து உறுமியது. வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வரும் தங்கை மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த ஒரு காரணத்துக்காக வேண்டாம் என்றோம். குழந்தைகள் இல்லாத ஒரு வீட்டுக்கு அது போய், இப்போது நன்றாக இருக்கிறது.

தெருவில் நடக்கும்போது பின்னங்காலைப் பாருங்கள். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் கோளாறு அதிகம். நடந்துகொண்டிருக்கும்போதே நான்கு அடி ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு போய், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஊன்றும். சங்கிலி இழுபட்டதும் வாத்து கத்துவது மாதிரி இருமினால் மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கலாம். அதற்குக் கழுத்துப் பெல்ட் கூடாது, மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான்.

முடிவு சொல்வதற்கு முன் டாக்டரிடம் ஒரு முறை

பலர் எடுத்து வந்த பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். முன்பே போவது நல்லது. ஃபாஸ்டர் வீட்டுக்காரரோடு சேர்ந்து போய், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தனியார் கிளினிக் பேட்டைக்கு ஒன்று இருக்கிறது. செலவுக்கு யோசிப்பவர்கள் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். 1903-இல் தொடங்கிய கல்லூரி, எல்லாப் பிரிவும் அங்கே உண்டு. கூட்டம் இருக்கும், சீக்கிரமே போய்விடுங்கள்.

மூன்று விஷயங்களை அழுத்திக் கேளுங்கள். முதலாவது பல். சின்ன வாயில் பற்கள் நெருக்கமாக இருப்பதால் காறை சீக்கிரம் படியும், ஈறு அழுகும். ரோஸியின் உதட்டை டாக்டர் தூக்கிக் காட்டியபோது கடைவாய்ப் பல் முழுக்கப் பழுப்புக் கல் மாதிரி மூடியிருந்தது. மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து நான்கு பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கு முன் தயிர்சாதத்தைக்கூட ஒரு பக்கமாகவே மென்றவள், பத்து நாளில் தட்டைத் தள்ளிக்கொண்டே போய்ச் சாப்பிட்டாள்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனை. சென்னையில் வருடம் முழுக்க உண்ணி உண்டு. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உள்ளே இருந்து, நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சாப்பாட்டை மறுக்கும்போதுதான் தெரியும். உண்ணி மருந்தை எடை பார்த்துத்தான் போட வேண்டும். பெரிய நாய்க்கான மருந்தை ஐந்து கிலோ நாய்க்கு ஊற்றினால் விஷமாகிவிடும். மூன்றாவது, பெண் நாய் என்றால் கருத்தடை ஆகியிருக்கிறதா என்பது. ஆகாமல் வயது ஏறினால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். அது உயிரைக் கொண்டுபோகும் நோய். வயதான நாய் என்றால் இதயச் சத்தத்தையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஐந்து கிலோ நாய்க்குச் சாப்பாட்டுச் செலவு பெரிதில்லை. பணம் கரையும் இடம் இதுதான்: பல், பரிசோதனை, ஆபரேஷன். திடீரென்று வந்தால் தாங்கும் அளவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.

வந்த பிறகு எப்படி இருக்கும்

இதைத் தெரிந்துகொண்டுதான் சரி சொல்ல வேண்டும். மீட்பு வேலை செய்பவர்கள் "மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்" என்பார்கள். பயம் அடங்க மூன்று நாள், வீட்டு நேரம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம்.

முதல் ராத்திரி ரோஸி வாசல் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டாள். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் காது நிமிரும். யாரும் வராமல் போனதும் மடங்கும். அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது. அம்மாதான் "விடு, அதுவா வரட்டும்" என்றார். அதே அம்மாதான் வீட்டுக்குள் நாயா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

ஐந்தாம் நாள் கொரியர் வாங்கக் கதவைத் திறந்த நொடியில் காலுக்கு நடுவே புகுந்து ஓடிவிட்டாள். நான்கு மணி நேரம் தேடி, இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கண்டுபிடித்தோம். தெரு நாய்கள் சுற்றி நின்றன, கடைக்காரர் வாளியை வைத்து மறைத்திருந்தார். அதனால் சொல்கிறேன்: முதல் மாதம் வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். கழுத்துப் பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் முதல் நாளே தொங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புது நாயை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுப்படியிலும் சில பழக்கம் மாற வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு ஆகாது. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் போனாலே அதிகம். சாம்பார் சாதம் மிச்சம், பாயசத்து உலர்திராட்சை, இரண்டும் கூடாது. காய்ச்சல் என்று நம் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.

மாநகராட்சி உரிமமும் கட்டாயம். ரேபிஸ் ஊசிச் சான்றிதழோடு மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு 50 ரூபாய். தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லும் இப்போது தேவை. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள்.

பதில் சொல்வது

இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்த பிறகு இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒருவருக்கு உள்ளூர விருப்பமில்லை என்றாலும் தள்ளிப்போடுங்கள்.

சரி என்றால், ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப அவரிடமே ஒப்படைப்பதாக ஃபாஸ்டர் வீட்டுக்காரரிடம் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் விட்டால் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டிலேயே வளர்ந்த சின்ன நாய் நம் தெருவில் ஓர் ராத்திரி தாங்காது. அது வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டில் ஒரு வாரத்துக்கானதும், அது படுத்த பழைய துணி ஒன்றும் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள்.

வேண்டாம் என்றால் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. நீங்கள் பதில் சொல்லும்வரை அவர் அடுத்த வீட்டாரைக் காத்திருக்க வைத்திருப்பார்.